உருவம் போயிற்று, சுவர் போயிற்றா?

இந்து சமயத்தைப் பற்றி நம்மிடையே வாதாடுவோர் இரு சாரார். பழமை பேணுவோர் விக்கிரகமே கோயிலின் உயிர் என்பர். சீர்திருத்தம் பேசுவோர் விக்கிரகமே கோயிலின் நோய் என்பர். இரு சாராரின் கண்ணும் கருவறைக்குள் இருக்கும் கல்லின் மீதே பதிந்திருக்கின்றது. வாயிலில் யார் நிற்கின்றார், யார் உள்ளே போகின்றார், யார் திருப்பியனுப்பப்படுகின்றார் என்ற கேள்வியை இருவருமே வசதியாக மறந்துவிடுகின்றனர். கல்லை அகற்றிவிட்டாற் கோயில் தானே தூய்மையடைந்துவிடும் என்ற நம்பிக்கை படித்தவர்கள் பலரிடம் இன்றும் உண்டு. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யானது, எவ்வளவு தூரம் ஏமாற்றானது என்பதை, உருவமற்ற வழிபாட்டுக்கென்றே எழுப்பப்பட்ட ஒரு கோயிலை முன்வைத்து ஆராய்தல் தகும். அக்கோயில் தமிழ்நாட்டின் வடலூரிலுள்ள சத்திய ஞான சபை.

அதனை எழுப்பியவர் சிதம்பரத்துக்கு அணித்தான மருதூரிற் பிறந்த இராமலிங்க சுவாமிகள் (1823–1874). 1865இல் அவர் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867 மே 23இல் வடலூரிலே தருமசாலையைத் திறந்து, பசித்தோர்க்கு உணவளிக்கும் அடுப்பை மூட்டினார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1872 சனவரி 25ஆந் திகதி தைப்பூசத்தன்று, ஞான சபையின் முதல் வழிபாடு நிகழ்ந்தது. நிலம் கொடுத்தவர் முடிமன்னரோ சமீன்தாரோ அல்லர்; பார்வதிபுரத்து ஊர் மக்கள். எண்கோண வடிவான அக்கட்டடத்தினுள்ளே விக்கிரகம் எதுவும் வைக்கப்படவில்லை. ஒரு விளக்கு, அதன்முன் ஒரு கண்ணாடி, அதனை மறைத்து ஏழு நிறத் திரைகள், இவ்வளவே. தைப்பூசத்தன்று திரைகள் ஏழும் நீக்கப்பட, கூடியிருப்போர் காண்பது ஒளி ஒன்றையே.

இதன் சிறப்பை விளங்கிக்கொள்ள, ஆகமக் கோயிலின் அமைப்பை நாம் சற்று நினைவுகூர வேண்டும். அங்கே தெய்வம் விக்கிரகத்தில் எழுந்தருளியிருக்கின்றது. விக்கிரகத்தைத் தீட்டு அணுகலாகாது. தீட்டிலிருந்து காப்பதற்குப் பிறப்பால் உரிமை பெற்ற அருச்சகர் வேண்டும். அருச்சகர்க்கும் வெளிவீதிக்கும் இடையிலே மண்டபங்கள், படிகள், எல்லைகள் வேண்டும். ஒவ்வோர் எல்லையிலும் ஒவ்வொரு சாதி நிறுத்தப்படும். இவ்வாறு கருவறையிலே தொடங்கும் தூய்மைக் கணக்கு, கோயில் வீதியைக் கடந்து, ஊர்க் கிணற்றையும் மயானத்தையும் சென்றடைகின்றது. நிலவுடைமைச் சமுதாயத்தின் படிநிலை முழுவதையும் கல்லிலே வரைந்து வைத்ததுதான் ஆகமக் கோயிலின் நிலப்படம் எனலாம்.

இராமலிங்கர் இந்தக் கணக்கின் முதற் புள்ளியையே அழித்தார். விக்கிரகம் இல்லையேல் அதற்கு அபிடேகம் இல்லை. அபிடேகம் செய்யப் பிறப்புரிமை பெற்ற குடும்பமும் தேவையில்லை. 1872ஆம் ஆண்டில் அவர் வகுத்த விதிகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. சபையினுள்ளே தூசு துடைத்து விளக்கேற்றும் பணியைப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவரோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட முதியவரோ செய்யவேண்டும் என்பது அவ்விதி. உலக இச்சை தீண்டாத பருவம் என்ற கருத்தில் அவர் இதனை வகுத்திருக்கலாம். ஆயினும் இதன் சமூக விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். சிறுவன் சில ஆண்டுகளிலே தகுதியை இழந்துவிடுவான். முதியவர் நெடுங்காலம் இருக்கமாட்டார். எனவே அப்பணி எவர்க்கும் சொத்தாகாது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது. பூசை உரிமை பரம்பரை முதலாக மாறுவதைத் தடுக்க இதனினும் எளிய சட்டத்தை எவரும் எழுதியதில்லை.

இவ்வளவு தெளிவாக வகுக்கப்பட்ட சபைக்கு நேர்ந்தது என்ன? சுவாமிகளின் மறைவுக்குப் பின் பூசைப் பொறுப்பு ஒரு குடும்பத்தின் கைக்குச் சென்றது. காலப்போக்கிலே ஒளியைக் காணவேண்டிய இடத்திற் சிவலிங்கம் வைக்கப்பட்டது. பிரதோட வழிபாடு நுழைந்தது. சன்மார்க்க அன்பர்கள் முறைப்பாடு செய்தனர். 2006இல் தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத்துறை, வள்ளலார் வகுத்த விதிப்படியே வழிபாடு நடைபெற வேண்டும் எனக் கட்டளையிட்டது. பரம்பரை உரிமை கோரியவர் வழக்காடினார். 2010இற் சென்னை உயர் நீதிமன்றம் அக்கட்டளையை உறுதிசெய்தது. உருவம் வேண்டாம் என்று எழுதிவைத்துப் போன ஒருவரின் கோயிலிலே உருவம் கூடாது என்பதை நிலைநாட்ட, அவர் மறைந்து நூற்று முப்பத்தாறு ஆண்டுகளின் பின் நீதிமன்றத் தீர்ப்பொன்று தேவைப்பட்டது!

இதனை ஒரு தனிமனிதரின் பேராசை என்று தள்ளிவிடுதல் தவறு. சபையைச் சூழ்ந்திருந்த சமுதாயம் மாறாதிருந்தது. நிலம் யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே இருந்தது. சாதி எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருந்தது. அச்சமுதாயத்துக்குப் பழக்கமான கோயில் ஒன்றே ஒன்று. புதிய பாத்திரம் ஒன்றை அதன் கையிற் கொடுத்தால், அது பழைய பாத்திரத்தின் வடிவுக்கு அதனை அடித்து வளைத்துவிடும். இது சுவாமிகளைச் சூழ்ந்தோரிடையே அவர் காலத்தின் பின் விரைவிலேயே புலப்பட்டது. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் அச்சேறின. சாதியையும் சமயப் பூசலையும் சாத்திரக் குப்பையையும் நேர்நின்று சாடும் ஆறாந் திருமுறையோ, அவர் மறைந்து பதினோராண்டுகள் கழித்து, 1885இலேயே வெளிவந்தது. தலைவரின் குரல் மிக உரத்துவிட்டதென்று அஞ்சிய அன்பர்களும் இருந்தனர் போலும்.

வடலூர் மாத்திரம் இந்தப் பாடத்தைப் புகட்டவில்லை. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே கல்கத்தாவில் இராசாராம் மோகன்ராய் 1828இற் பிரம சமாசத்தைத் தொடங்கி, 1830இல் அதற்கெனக் கட்டடமொன்றையும் திறந்துவைத்தார். உருவமோ சிலையோ படமோ அங்கே கொண்டுவரலாகாது என்று அறக்கட்டளைச் சாசனத்திலேயே எழுதப்பட்டது. எல்லாச் சாதியினரும் வந்து வழிபடலாம். ஆனால் வேதம் ஓதும் வேளையில் என்ன நடந்தது? பக்கத்து அறையொன்றிலே பிராமணர் இருந்து ஓதினர். பிராமணரல்லாதார் அவ்வறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. உருவமில்லாத கடவுளுக்கும் ஒரு கருவறை கட்டியாயிற்று! பின்னர் தேவேந்திரநாத் தாகூர்க்கும் கேசவ சந்திர சேனர்க்கும் இடையே 1866இற் பிளவு நேர்ந்ததற்கான காரணங்களுள் ஒன்று, வழிபாட்டை நடத்துவோர் பூணூல் அணிந்திருக்கலாமா என்பதாகும். முப்பத்தாறு ஆண்டுகளாக உருவமற்ற பரம்பொருளைத் தொழுத சபையிலே, நூல் அறுபடாமல் இருந்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு எளியது. விக்கிரகம் சுவருக்கு ஒரு காரணத்தை அளிக்கின்றது. ஆனாற் சுவரைக் கட்டியது விக்கிரகம் அன்று. ஒரு காரணத்தைப் பறித்தாற் சுவர் இன்னொரு காரணத்தைத் தேடிக்கொள்ளும். கல்கத்தாவில் அது வேதமாக இருந்தது. வடலூரிற் பரம்பரை உரிமையாக இருந்தது. வடலூரில் இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றி அன்பர்கள் பேச விரும்புவதில்லை.

ஞான சபையின் வாயிலிலே ஓர் அறிவிப்பு இருக்கின்றது. கொலையையும் புலையையும் நீக்கியவரே உள்ளே புகலாம் என்பது அதன் கருத்து. புலை என்பது இங்கே புலாலுண்ணல். சுவாமிகளின் நோக்கம் உயிரிரக்கம் என்பதில் ஐயமில்லை. வாடிய பயிரைக் கண்டும் வருந்திய உள்ளம் அது. பிறப்பால் அன்றி ஒழுக்கத்தாலேயே மனிதரைப் பிரிக்க வேண்டும் என்பது அவர் காலத்தில் மிகப் பெரிய முன்னேற்றமே. விரும்பினால் எவரும் புலாலை விடலாம். எவரும் விரும்பித் தம் பிறப்பை மாற்றமுடியாது. இந்த வேறுபாட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் அச்சொல்லை ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். புலை என்ற சொல்லுக்கும் புலையர் என்று ஒரு மக்கட் கூட்டத்துக்கு இடப்பட்ட பெயருக்கும் உள்ள உறவு தற்செயலானதா? இறந்த மாட்டை அகற்றும் வேலையை ஒரு கூட்டத்தார் தலையிற் கட்டி, அம்மாட்டின் இறைச்சியன்றி வேறு ஊட்டத்துக்கு வழியில்லாமற் செய்து, பின்னர் அதனை உண்டான் என்பதற்காகவே அவனை இழிந்தவன் என்று ஒதுக்கிய சமுதாயம் நம்முடையது. கடலோரத்தான் மீன் உண்கின்றான். கூலிக்காரன் நத்தையும் நண்டும் உண்கின்றான். நெல்லும் நெய்யும் யாருடைய களஞ்சியத்தில் இருந்தனவோ அவர்களுக்கே மரக்கறி உணவு அறமாக வாய்த்தது. ஆகவே, வயிற்றைக் கேட்டு உள்ளே விடும் வாயில், பெயரளவிற் சாதியைக் கேட்காவிட்டாலும், செயலளவிற் பெரும்பாலும் சாதியையே கேட்கின்றது. சுவாமிகள் வகுத்த அகவினம், புறவினம் என்ற பாகுபாடும் இவ்வாறே. புலாலுண்போர் புறவினத்தார், அவர்களது பசியை நீக்கலாம், அதற்குமேல் அவர்களுக்கு இடமில்லை என்றார். அவருடைய கருணையை வணங்கும் நாம், இந்த எல்லைக்கோட்டை ஏற்கவேண்டும் என்ற நியதி இல்லை.

"இது சாதியைப் பற்றியதன்று, தனிமனித ஒழுக்கத்தைப் பற்றியது" என்று கூறுவோர்க்கு யாழ்ப்பாணத்தான் ஒருவனே தக்க விடை கூறவல்லவன். சைவம் என்ற ஒரே சொல்லாற் சமயத்தையும் மரக்கறி உணவையும் குறிக்கும் நாடு நம்முடையது. வெள்ளிக்கிழமை சைவம், ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு. இதனால் எந்த உயர்சாதிக்காரனையும் எந்தக் கோயிலும் வாயிலில் நிறுத்தியதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போகவிடுமாறு கேட்டு நின்றபோது, நீ நேற்று என்ன உண்டாய் என்று எவரும் கேட்கவில்லை. யாருடைய மகன் என்பதே கேள்வி. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நூலில் இருந்தது. வாயிலிலே சுந்தரலிங்கமும் அவரைச் சார்ந்தோரும் இருந்தனர். ஆகமம், மரபு, தூய்மை என்ற எல்லாக் காரணங்களும் அங்கே அடுக்கப்பட்டன. 1966 ஒக்டோபர் 21 எழுச்சியின் வழிவந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினர், அக்காரணங்களுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. தேநீர்க் கடை, கோயில் என்று ஒவ்வொரு வாயிலாகச் சென்று நின்றனர், அடிபட்டனர், உயிரும் கொடுத்தனர். பல கதவுகள் அதனாலேயே திறந்தன.

வடலூர் வரலாற்றில் ஈழத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கன்று. சுவாமிகளின் பாடல்கள் அருட்பா அல்ல, மருட்பா என்று போர் தொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை அப்போரை மீண்டும் நடத்தினார். அப்பொழுது அருட்பாவின் பக்கம் நின்று வாதாடியவர்களுள் முதன்மையானவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியர். தமிழ் உரைநடைக்கும் பாடசாலைக்கும் பதிப்புக்கும் நாவலர் ஆற்றிய தொண்டை எவரும் மறுக்க இயலாது, நாமும் மறுக்கவில்லை. ஆயினும் ஆகமத்தின் தூய்மையைக் காத்த அதே கை சாதியாசாரத்தையும் காத்தது. ஒன்றைக் காத்தால் மற்றொன்றையும் காக்கவேண்டியிருந்தது என்பதே அவருடைய நிலையின் தருக்கம். நாவலரின் கோபத்தைத் தனிமனிதப் பொறாமை என்று கூறும் அருட்பா அன்பர்கள் அவரையும் விளங்கவில்லை, இராமலிங்கரையும் விளங்கவில்லை. படிக்கட்டு முழுவதும் சரிந்துவிடும் என்று அவர் சரியாகவே கணித்தார்.

விக்கிரகம் இல்லாத வழிபாடு நம் நாட்டுக்குப் புதியதுமன்று. கதிர்காமத்தில் அடியார் காண்பது விக்கிரகத்தை அல்ல, ஒரு திரையையே. அத்திரையின் முன்னே சிங்களவரும் தமிழரும் இசுலாமியரும் நிற்கின்றனர். அது நம் நாட்டின் நல்ல காட்சிகளுள் ஒன்று. ஆனால் திரைக்கு அப்பாற் செல்லும் உரிமை கப்புறாளைமாரின் பரம்பரைக்கே உரியது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் மூலத்தானத்தில் இருப்பது வேல். பிராமணர் அங்கே பூசை செய்வதில்லை. கரையார் மரபில் வந்த கப்பூகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கின்றனர். பிராமணரின்றி, மந்திரமின்றி, விக்கிரகமின்றிக் கோயில் நடக்காது என்போர் ஒருமுறை வடமராட்சிக்குப் போய்வருதல் நன்று. ஆயினும் அங்கும் உரிமை மரபுவழியே இறங்குகின்றது. உருவமின்மை பிறப்புரிமையைத் தானாக ஒழிக்காது என்பதற்கு இவை நம் வீட்டுச் சான்றுகள்.

அப்படியாயின் உருவமற்ற கோயில்களாற் பயனே இல்லையா? உண்டு. அவை யார் கையிலிருந்து பிறக்கின்றன என்பதைப் பொறுத்து உண்டு. தென்திருவிதாங்கூரிலே, மேலாடை அணியவும் தலைப்பாகை கட்டவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களிடையே எழுந்தவர் வைகுண்டர் (1809–1851). சாமித்தோப்பிலே அவர் வழியினர் வழிபடுவது கண்ணாடியை. ஆண்கள் தலைப்பாகை அணிந்து உள்ளே செல்லவேண்டும் என்பது அங்கே விதி. வீதியில் எது மறுக்கப்பட்டதோ, அதுவே கோயிலிற் கடமையாயிற்று. கேரளத்தில் ஈழவர் குலத்திற் பிறந்த நாராயண குரு 1888இல் அருவிப்புறத்திற் சிவலிங்கத்தைத் தாமே நிறுவிப் பிராமணரின் உரிமையை உடைத்தார். 1927இற் களவங்கோட்டில் விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியை நிறுவினார். இவ்வரிசையைக் கவனியுங்கள். விக்கிரகத்தை நிறுவும் உரிமையை முதலிற் பறித்தெடுத்த பின்னரே, விக்கிரகம் வேண்டாம் என்றார். தன் கையில் இல்லாத ஒன்றை ஒருவன் துறக்கமுடியாது. கோயிலுக்குள் விடப்படாதவனைப் பார்த்து, "கடவுளுக்கு உருவமில்லை, கோயில் எதற்கு?" என்று உபதேசிப்பது ஞானமன்று, கதவைச் சாத்துவதற்கு இன்னொரு நாகரிகமான வழி.

இதே காரணத்தால், நம் பகுத்தறிவு நண்பர்கள் சிலர் கூறுவதையும் நாம் ஏற்பதற்கில்லை. கோயிலே மூடநம்பிக்கை, அதற்குள் யார் போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்பர். போகாமலிருக்கும் உரிமை, போகக்கூடியவனுக்கே உண்டு. 2018இலே தென்மராட்சியின் வரணியில் ஒரு கோயிலில், தாழ்த்தப்பட்டோர் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காக மண் அகழும் இயந்திரத்தைக் கொண்டு தேரை இழுத்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அக்காட்சியை உலகமே கண்டது. ஆகமத்தில் இயந்திரம் இல்லை. ஆயினும் சுவரைக் காப்பதற்கு ஆகமத்தையே கைவிடவும் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்றால், இப்பிரச்சினை நம்பிக்கையைப் பற்றியதா, அதிகாரத்தைப் பற்றியதா?

மீண்டும் வடலூருக்கு வருவோம். இராமலிங்கர் கட்டியவை இரண்டு: 1867இன் அடுப்பு, 1872இன் விளக்கு. அடுப்பு முந்தியது. சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டிய 1866ஆம் ஆண்டின் மறுவருடம் அது மூட்டப்பட்டது. இன்றுவரை அணையாமற் பேணப்படுகின்றது. அங்கே வருபவனிடம் சாதியைக் கேட்பதில்லை, ஊரைக் கேட்பதில்லை, நேற்று என்ன உண்டாய் என்றும் கேட்பதில்லை. பசி ஒன்றே தகுதி. விளக்கின் வாயிலோ கேள்வி கேட்கின்றது. ஒரே மனிதர் அமைத்த இரு வாயில்களுள் எது அவருடைய உள்ளத்துக்கு அணித்தானது என்பதை அன்பர்கள் தாமே முடிவு செய்யட்டும். நாம் அடுப்பின் பக்கம் நிற்கின்றோம். விளக்கின் வாயிலும் அடுப்பின் வாயிலைப் போலத் திறந்திருக்கவேண்டும் என்கிறோம். அந்த அறிவிப்பு ஓர் அறிவுரையாகச் சுவரில் இருக்கட்டும், தடையாக இருக்கவேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட அச்சிறுவன் எந்தச் சேரியிலிருந்தும் வந்து அவ்விளக்கை ஏற்றட்டும். விதியை எழுதியவர் அதற்கு இடம்வைத்தே எழுதியிருக்கின்றார்.

நம் நாட்டுக் கோயில் முகாமையாளர்க்கும் ஒரு சொல். விக்கிரகத்தை அகற்றுமாறு உங்களை எவரும் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். மக்கள் அன்போடு வணங்கட்டும். அகற்றவேண்டியது எது என்பது உங்களுக்குத் தெரியும். பூசை உரிமையும் முகாமை உரிமையும் பிறப்பைவிட்டு நீங்கவேண்டும். கணக்கு ஊராருக்குத் திறந்திருக்கவேண்டும். வடத்தை எல்லாக் கைகளும் பிடிக்கவேண்டும். அன்னதான மடத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் அமரவேண்டும். இவற்றைச் செய்யாமல் அத்வைதம் பேசுவதும், ஒளி வழிபாடு பேசுவதும், கடவுள் உருவமற்றவர் என்று மேடையிலே முழங்குவதும் வெறும் வாய்வேதாந்தமே. உருவமற்ற கடவுளின் பெயராற் கட்டப்பட்டாலும் சுவர் சுவர்தான். அதனை இடிக்கும் வேலை, அதன் வெளியே நிறுத்தப்பட்டவர்களோடு சேர்ந்து, நம் அனைவர்க்கும் உரியது.